ஃபின்களுக்கான ஸ்பிரிங் ஸ்ட்ராப்பை நாமே செய்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் சிலிண்டர் கட்டி முக்குளிக்கும் நண்பர்கள் பலர், குதிகால் திறந்த ஃபின்களில் (நீந்துவதற்குக் காலில் மாட்டும் துடுப்புகளில்) ரப்பர் பட்டைக்குப் பதிலாக எவர்சில்வர் ஸ்பிரிங்கை மாட்டிக்கொள்வது பற்றி என்னிடம் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். நான் செய்து பார்த்தவை, கெடுத்தவை, திருத்தியவை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில்களாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்பிரிங் ஸ்ட்ராப் என்பது என்ன?

குதிகால் திறந்த ஃபினில் பாதத்தைப் பின்புறத்திலிருந்து இறுக்கிப் பிடிப்பதற்கு ஒரு பட்டை இருக்கும். வழக்கமாக அது ரப்பர். இரண்டு பக்கமும் பக்கிள் வைத்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். அந்தப் பட்டையையும் பக்கிளையும் கழற்றிவிட்டு, நெருக்கமாகச் சுற்றப்பட்ட ஓர் இழுவை ஸ்பிரிங்கைக் குதிகாலைச் சுற்றிப் போட்டு, அதன் இரு முனைகளையும் ஃபினோடு நேரடியாகப் பிணைத்துவிட்டால் அதுவே ஸ்பிரிங் ஸ்ட்ராப். பாதம் முழுவதையும் மூடும் செருப்பு வகை ஃபினில் இதற்கு இடமே இல்லை.

கேள்வி: ரப்பர் பட்டை நன்றாகத்தானே இருக்கிறது? ஏன் மாற்ற வேண்டும்?

புதிதாக இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. வெயிலில் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வெயில் மட்டும் ரப்பரைக் கெடுப்பதில்லை. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன், இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரைத் தாக்கி, இழுக்கப்படும் திசைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. ஆகவே, பட்டையை இழுத்து மாட்டிய நிலையிலேயே ஃபினைச் சுவரில் தொங்கவிட்டு வைப்பவரின் பட்டை, கடலுக்கு ஒருமுறைகூடப் போகாமலேயே கெட்டுப்போகக் கூடும். வெடிப்பு பக்கிளுக்கு அடியில் மறைந்திருந்தால் கண்ணிலும் படாது.

எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. முட்டத்துக்கு அப்பால் ஒரு பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) இறங்கிக்கொண்டிருந்தபோது வலது காலின் பட்டை பக்கிளை ஒட்டி அறுந்து, ஃபின் கழன்று கீழே போய்விட்டது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கடுமையாக இழுத்துக்கொண்டிருந்த நாள் அது. கூட வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டதால்தான் வள்ளத்துக்குத் திரும்ப முடிந்தது. அன்றைக்கு மறுநாளே ஸ்பிரிங் தேடத் தொடங்கினேன்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. நாம் அணியும் நியோபிரீன் பூட்ஸ், உள்ளே வாயுக் குமிழிகள் அடைக்கப்பட்ட ஒரு நுரைப்பொருள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரைமட்டத்தைப் போல இரண்டு மடங்காகும்போது அந்தக் குமிழிகளின் பருமன் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்குகிறது. இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. பூட்ஸ் மெலிவதால், கரையில் இறுக்கமாக இருந்த பட்டை கீழே தளர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே நன்றாக விரிந்த நிலையில் மாட்டப்படும் ஸ்பிரிங், அந்தத் தளர்வைத் தானாகவே இழுத்து எடுத்துக்கொள்கிறது. அடுத்தது, நம் பார்களில் மாட்டிக் கிடக்கும் கிழிந்த வலைகளும் அறுந்த தூண்டில் நரம்புகளும். பக்கிளில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையின் வால் அவற்றில் எளிதாகச் சிக்கும். உறை போட்ட ஸ்பிரிங்கில் அப்படிச் சிக்குவதற்கு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மிகக் குறைவு.

கேள்வி: இதை மாட்டினால் வேகமாக நீந்தலாமா?

இல்லை. நீந்தும் விசை ஃபினின் அலகிலிருந்து, அதாவது அதன் தட்டையான துடுப்புப் பகுதியிலிருந்து வருவது. ஸ்பிரிங் செய்யும் வேலை ஃபினைக் காலில் நிறுத்தி வைப்பது மட்டுமே.

கேள்வி: எந்த ஸ்பிரிங்கை வாங்க வேண்டும்? கதவு ஸ்பிரிங், பைக்கின் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் போன்றவை ஆகாதா?

ஆகாது. நான் முதலில் செய்த தவறே அதுதான். கடையில் வாங்கிய பளபளப்பான கதவு ஸ்பிரிங் வெறும் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. இரண்டு மாதத்தில் சுற்றுகளுக்கு இடையே செந்துரு பிடித்து, பூட்ஸ் முழுவதும் கறையானது. சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங்கும் இரும்புதான். அதோடு, அதை இழுத்து மாட்டக் கையால் முடியாத அளவுக்கு விறைப்பானது.

வேண்டியது 316 வகை எவர்சில்வர் கம்பியில் சுற்றிய இழுவை ஸ்பிரிங். வீட்டுப் பாத்திரங்களுக்குப் பெரிதும் பயன்படும் 304 வகையிலிருந்து இது வேறுபடுவது, இதில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதில்தான். கடல்நீரின் குளோரைடு எவர்சில்வரின் மேற்பரப்பில் ஊசிமுனைப் பள்ளங்களை அரித்து உண்டாக்குவதை மாலிப்டினம் பெருமளவு தடுக்கிறது. 304 ஸ்பிரிங்கும் சில காலம் உழைக்கும். ஆனால் வாங்கும்போதே 316 என்று கேட்டு வாங்குவது நல்லது.

காந்தத்தை வைத்துப் பார்த்து வகையைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை அந்தச் சோதனை ஏமாற்றும். ஸ்பிரிங் கம்பி குளிர்ந்த நிலையிலேயே இழுத்துக் கடினமாக்கப்படுவது. அப்படி இழுக்கப்பட்ட நல்ல 304 கம்பியிலும் காந்தம் ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டுகிறது என்பதற்காக அதை வெறும் இரும்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

கேள்வி: கம்பியின் தடிமன் எவ்வளவு இருக்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் பலர் கண்மதிப்பில் பதில் சொல்லிவிடுகிறார்கள். முடிவு முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், சுற்றின் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கும். கம்பி 1.6 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் ஆவது பார்வைக்குப் பெரிய வேறுபாடாகத் தெரியாது. ஆனால், சுற்றுகள் அத்தனையும் மாறாமல் இருந்தாலும், அந்த ஒரு மாற்றமே விறைப்பை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கிவிடும்.

எண்ணில் சொல்கிறேன். வெளிவிட்டம் 12.5 மில்லிமீட்டர், தளர்ந்த நிலையில் நீளம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 1.6 மில்லிமீட்டராக இருந்தால், 5 சென்டிமீட்டர் விரிக்க ஏறத்தாழ 1.4 கிலோ இழுவை தேவைப்படும். கம்பி 2 மில்லிமீட்டராக இருந்தால் அதே விரிவுக்கு ஏறத்தாழ 5 கிலோ. சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் தொடக்க இறுக்கம் இவற்றோடு கூடுதலாகச் சேரும். குதிகாலைத் தாண்டி மாட்டும்போது ஸ்பிரிங் 11 சென்டிமீட்டர் வரை விரிய வேண்டியிருக்கும்; அப்போது தடித்த கம்பியை இழுக்கப் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டும். ஆடும் வள்ளத்தில் உட்கார்ந்து, ஈரக் கையால், முதுகில் சிலிண்டரோடு குனிந்து அதைச் செய்ய முடியாது. செய்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் குதிகால் மரத்துப்போகும். என் தேர்வு 1.6 மில்லிமீட்டர்.

கணக்கை நம்பாதவர்கள், மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டு அளந்துவிடலாம். ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையைத் தராசின் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டு கால்களுக்குமான ஸ்பிரிங்குகள் ஒரே அளவில் இழுக்கின்றனவா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

கடலுக்கு அணியும் அதே பூட்ஸை அணிந்து, ஃபினுக்குள் காலை நன்றாக நுழைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக் குமிழிலிருந்து (பக்கிள் மாட்டும் இடத்திலிருந்து) குதிகாலைச் சுற்றி மறுபக்கத்துக் குமிழ் வரை தையல் டேப்பால் அளக்க வேண்டும். வெறுங்காலில் அளந்தால் கணக்கு தப்பிவிடும். எடுத்துக்காட்டாக 36 சென்டிமீட்டர் வருகிறது என்றால், இரு முனைகளிலும் வரும் ஷேக்கிள்களுக்கு (திருகுமுள்ளால் மூடும் U வடிவ இணைப்பு வளையங்களுக்கு) மும்மூன்று சென்டிமீட்டரைக் கழித்தால் மீதி 30. மாட்டிய நிலையில் ஸ்பிரிங் தன் இயல்பான நீளத்தில் ஐந்தில் ஒரு பங்காவது விரிந்து நிற்க வேண்டும் என்பது என் அளவுகோல். ஆகவே கொக்கிகளையும் சேர்த்துத் தளர்ந்த நிலையில் 25 சென்டிமீட்டர் ஸ்பிரிங் தேவை. அதற்கும் குறைந்த விரிவில் மாட்டினால், ஆழத்தில் பூட்ஸ் மெலியும்போது இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங்கிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

கேள்வி: எங்கே கிடைக்கும்?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள ஹார்டுவேர் கடைகளில் 316 ஸ்பிரிங்கை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஷேக்கிள், நைலான் கயிறு, உறைக்கான பொருள்கள் போன்றவற்றை அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை, கோயம்புத்தூர், சென்னை போன்ற ஊர்களில் ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகளில் சொல்லிச் செய்துகொள்வதே நல்ல வழி. அவர்களிடம் இப்படிச் சொன்னால் போதும்: 316 கம்பியில் இழுவை ஸ்பிரிங், கம்பித் தடிமன் 1.6 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 12.5 மில்லிமீட்டர், சுற்றுகள் நெருக்கமாக, இருபுறமும் மூடிய கொக்கி, கொக்கியோடு சேர்த்து மொத்த நீளம் இவ்வளவு. நான்காகச் செய்யச் சொல்லுங்கள்; இரண்டு உதிரியாக இருக்கட்டும்.

கேள்வி: நீளமான ஸ்பிரிங்கை வாங்கி நானே வெட்டிக் கொக்கி வளைக்க முடியாதா?

முடியும், பொறுமை இருந்தால். இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்பிரிங் நடுவில் அறுந்து நான் பார்த்ததில்லை; அறுந்ததெல்லாம் கொக்கி வளைந்து ஏறும் இடத்தில்தான்.

வெட்டுவதற்குச் சாதாரணக் கட்டிங் பிளேயர் வேண்டாம். கடினமாக்கப்பட்ட கம்பி பிளேயரின் வாயைப் பள்ளமாக்கிவிடும். வெட்டுப்பட்ட துண்டு தெறித்துக் கண்ணில் படவும் கூடும். மெல்லிய கட்டிங் வீல் பொருத்திய கிரைண்டரில், கண்ணாடி அணிந்து, ஸ்பிரிங்கை வைஸில் பிடித்து வெட்ட வேண்டும். வீல் ஒரே இடத்தில் நெடுநேரம் உரசிக் கம்பி நீலநிறமாகச் சூடேறக் கூடாது.

அதைவிட முக்கியமானது: கொக்கியை வளைப்பதற்காகக் கேஸ் அடுப்பிலோ வெல்டிங் டார்ச்சிலோ முனையைப் பழுக்கக் காய்ச்சக் கூடாது. எளிதாக வளையும் என்று பட்டறைகளிலேயே இப்படிச் செய்து தருவார்கள். எவர்சில்வர் கம்பியின் விறைப்பு, குளிர்ந்த நிலையில் இழுக்கப்பட்டதால் வந்தது. ஒருமுறை பழுக்கக் காய்ச்சினால் அந்த விறைப்பு போய்விடும், தண்ணீரில் தோய்த்தாலும் திரும்ப வராது. அதற்கு மேல், ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கம்பியில் உள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து பிரிந்துவிடுவதால், துருவை எதிர்க்கும் ஆற்றலும் அந்த இடத்தில் குறைகிறது. மென்மையாகவும் துருப்பிடிப்பதாகவும் ஆகிவிட்ட அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் மொத்த இழுவையும் விழும்.

ஆகவே குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும். கடைசி ஒன்றரைச் சுற்றை ஒரு தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பிப் பிரித்து, உடற்பகுதியை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து வைஸில் இறுக்கி, பிரித்த வளையத்தை மெதுவாக நிமிர்த்தினால் கொக்கி கிடைக்கும். வளைவு கூர்மையான முழங்கையைப் போல மடங்காமல் இருக்க, வளைக்கும் இடத்துக்கு அடியில் ஓர் ஆணியையோ உருண்டைக் கம்பியையோ வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரின் பல் கம்பியில் பதியக் கூடாது. பதிந்த தழும்பில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். கொக்கியின் வாய் ஷேக்கிள் நழுவ முடியாதபடி முழுவதும் மூடியிருக்க வேண்டும். வெட்டுமுனையை அரத்தால் மழுக்கி உட்புறமாகத் திருப்பிவிடுங்கள். முதல் இரண்டு கொக்கிகள் பாழாகும் என்று எண்ணிக்கொண்டே நீளத்தைச் சற்றுக் கூடுதலாக வாங்குவது நல்லது.

கேள்வி: ஃபினோடு எப்படிப் பிணைப்பது?

ஃபினின் அமைப்பைப் பொறுத்தது. குமிழ் உள்ளவற்றில், பக்கிளைக் கழற்றியபின் அந்தக் குமிழின் மேல் உட்காரும்படி, மூன்று மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில் இரண்டு துளைகள் இட்ட ஓர் இணைப்பை ஏதாவது ஒரு லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். விளிம்புகளை உருட்டச் சொல்ல மறக்கக் கூடாது. துளை உள்ள ஃபின்களில் ஐந்து மில்லிமீட்டர் எவர்சில்வர் ஷேக்கிளை நேரடியாகவே மாட்டலாம். பித்தளையும் அலுமினியமும் வேண்டாம். உப்புநீரில் எவர்சில்வரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் வெகு விரைவில் அரிபடும்.

ஷேக்கிளின் திருகுமுள், காலை உதைக்க உதைக்கத் தானாகக் கழன்று வரும். அதை இறுக்கியபின், முள்ளின் கண்ணுக்குள் வலை நூலைக் கோத்து, ஷேக்கிளின் உடலோடு நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இதைச் செய்யாத எந்த ஸ்ட்ராப்பையும் நான் முடிந்த வேலையாக ஏற்பதில்லை.

கேள்வி: ஸ்பிரிங்குக்குள் கயிறு விடுவது எதற்கு?

இரண்டு வேலைகளுக்காக. நான்கு மில்லிமீட்டர் நைலான் பின்னல் கயிற்றை ஸ்பிரிங்கின் உட்புறமாகச் செலுத்தி, இரு பக்கமும் கொக்கியில் கட்டாமல் ஷேக்கிளிலேயே கட்டினால், யாராவது முரட்டுத்தனமாக இழுத்தாலும் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விரிந்து நிரந்தரமாக நீண்டுவிடாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் கயிற்றின் நீளம் ஷேக்கிளுக்கு ஷேக்கிள் 37 அல்லது 38 சென்டிமீட்டர் இருக்கலாம். கொக்கி அறுந்துபோனால், கயிறு ஃபினை இறுக்கிப் பிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபின் தளர்ந்து ஆடும். ஆனால் அது உடனே கழன்று அடிக்குப் போகாமல், கையால் பிடித்துக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். முடிச்சை நம் கடற்கரைக்காரர்களுக்குக் கற்றுத்தர நான் முனையவில்லை.

கேள்வி: உறை கட்டாயமா?

கட்டாயம். விரிந்த சுற்றுகள் மீண்டும் மூடும்போது பூட்ஸின் நியோபிரீனைக் கடித்துப் பிடிக்கும்; காலின் முடியையும் தோலையும்கூட விடாது. மணலும் ஒரு காரணம். மணவாளக்குறிச்சிப் பகுதிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்திருப்பது தெரிந்ததே. கார்னெட் என்பது உரசுதாள் செய்யப் பயன்படும் அளவுக்குக் கடினமான பொருள். அந்த மணல் சுற்றுகளுக்கு இடையில் புகுந்து, ஒவ்வோர் உதைக்கும் கம்பியை உரசிக்கொண்டே இருக்கும்.

குதிகால் படும் இடத்துக்குப் பழைய வெட்சூட்டின் (முக்குளிக்கும்போது அணியும் நியோபிரீன் உடையின்) ஒரு துண்டைத் திண்டாக வைத்து, முழு நீளத்துக்கும் குழாய் வடிவ நைலான் பட்டையைப் போட்டுக்கொள்வது எனக்குப் பிடித்த முறை. சைக்கிள் டியூபும் போடலாம். ஆனால் அது தண்ணீரை அடைத்து வைத்துக்கொள்வதால் பல இடங்களில் துளையிட வேண்டும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதன் மேற்பரப்பில் ஆக்சிஜன் பட வேண்டும். உப்புநீர் தேங்கிக் காற்றோட்டம் இல்லாத இடுக்கில் 316கூட அரிபடும். உறை, ஸ்பிரிங் முழுதாக விரியும் நீளத்துக்கு இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பின்புறத்தில் பழைய பள்ளிப் பையின் பட்டையிலிருந்து ஒரு கைப்பிடி வளையம் வெட்டி, விளிம்பைச் சூடான கத்தியால் உருக்கி, நைலான் நூலால் தைத்துவிட்டால் கட்டைவிரலை நுழைத்து இழுக்க வசதியாக இருக்கும்.

கேள்வி: எப்படிப் பராமரிப்பது?

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. அதில் ஊறவிடுவதால் பயனில்லை, குடிநீரையே பயன்படுத்துங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். அவை ரப்பரை ஊதச் செய்யும், மணலையும் பிடித்து வைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை உறையைக் கழற்றி, கொக்கிகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, உள்கயிற்றை மாற்றிவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் இதற்குத் தோதானவை. தளர்ந்த நிலையிலும் சுற்றுகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால், அல்லது கம்பியில் ஊசிக்குழிகள் தென்பட்டால், அந்த ஸ்பிரிங்கை அன்றே ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: சிப்பி எடுக்க மூச்சடக்கி மூழ்குபவர்களுக்கு இது பயன்படுமா?

பாறையை ஒட்டி ஆழமில்லாத நீரில் வேலை செய்பவர்களுக்குச் செருப்பு வகை ஃபினோ வெறுங்காலோ போதும். சிப்பியின் விளிம்பு காலைக் கிழிக்கிறது என்று பூட்ஸ் அணிபவர்கள் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: ஒரே ஃபினை அண்ணன் தம்பி இருவரும் பயன்படுத்துகிறோம். அளவை மாற்ற வழி உண்டா?

பக்கிளைப் போல நினைத்தபடி மாற்ற முடியாது. பாத அளவில் சிறிய வேறுபாடு என்றால், பெரிய காலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு ஷேக்கிளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேறுபாடு அதிகம் என்றால் இருவருக்கும் தனித்தனி ஸ்பிரிங் தேவை.

கேள்வி: முதன்முறை எங்கே சோதிப்பது?

கடலில் வேண்டாம். ஊர்க் குளத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் தொடர்ந்து உதைத்து நீந்திப் பாருங்கள். பிறகு கரையேறி, திருகுமுள்கள் நகர்ந்திருக்கின்றனவா, குதிகாலில் சிவந்த தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்படி மூன்று முறை குறையில்லாமல் முடிந்தபின் கடலுக்கு எடுத்துச் செல்லலாம். அதுவும் நீவாடு குறைந்த நாளில், பத்து மீட்டருக்குள்.

கேள்வி: கழற்றிய ரப்பர் பட்டையை எறிந்துவிடலாமா?

வெடிப்பு விட்டது என்றால் எறிந்துவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், பக்கிளோடு சேர்த்து, இழுபடாத நிலையில், வெயில் படாத ஒரு பைக்குள் போட்டு வள்ளத்திலேயே வைத்திருங்கள். கடலில் ஒரு கொக்கி விட்டுப்போகும் நாளில் அதை மாட்டிக்கொண்டு இறங்கலாம்.